காளான் கம்மி மிட்டாய்: மருந்தாளுநரிடம் கேளுங்கள்

லயன்ஸ் மேன், ரெய்ஷி, சாகா, கார்டிசெப்ஸ் என்று காளான் சத்து சேர்த்த கம்மி மிட்டாய்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். மருந்து, அளவு, லேபிள் பற்றிக் கேளுங்கள். "எனக்கு என்ன நோய்?" என்பதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

ரேவதி, கோவை: அக்கா, அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி லயன்ஸ் மேன் கம்மி ஒரு டப்பா கொடுத்தான். மறதிக்கு நல்லதாம். உண்மையா? லேபிள் படம் அனுப்பியிருக்கிறேன்.

கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2009இல் ஜப்பானில் லேசான மறதி உள்ள, 50 முதல் 80 வயது வரையிலான 30 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குக் காளான் பொடி மாத்திரை, மறு பாதிக்குப் போலி மாத்திரை, 16 வாரம். காளான் எடுத்தவர்களின் மதிப்பெண் கூடியது. நிறுத்திய நான்கு வாரத்தில் மறுபடி இறங்கியது. சின்ன ஆய்வு, ஆனால் ஒழுங்காகச் செய்த ஆய்வு. 2023இல் பிரிட்டனில் ஆரோக்கியமான இளைஞர்கள் 41 பேருக்கு 1.8 கிராம் வீதம் 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தேர்வில் கொஞ்சம் வேகம் வந்தது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் டப்பாவுக்கு வருவோம். ஜப்பானில் கொடுத்தது நாளைக்கு 3 கிராம். உங்கள் லேபிளில் "2 கம்மியில் 10 வகைக் காளான் கலவை 300 மி.கி." என்று இருக்கிறது. சமமாகப் பிரித்தாலும் லயன்ஸ் மேன் பங்கு 30 மி.கி., அதாவது நூற்றில் ஒன்று. சமமாகப் பிரித்தார்களா என்பதும் நமக்குத் தெரியாது. அமெரிக்காவில் "கலவை" என்று போட்டுவிட்டால் தனித்தனி அளவு சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் கொடுத்த அளவை எட்ட நீங்கள் நாளைக்கு 200 கம்மி சாப்பிட வேண்டும். டப்பாவில் இருப்பதே 60.

இது அந்த ஒரு கம்பெனியின் குறை மட்டும் இல்லை. ஒரு கம்மியின் எடையே மூன்று கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின் அல்லது பெக்டின், தண்ணீர், சிட்ரிக் அமிலம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? பொடியைக் கூட்டிப் போட்டால் கசக்கும், கம்மி இறுகி நிற்காது. காளான் மேல் எனக்குப் பகை இல்லை. இந்த மிட்டாய்க்குள் அது அடங்காது என்பதுதான் என் பேச்சு.

அப்துல், காயல்பட்டினம்: மேடம், இதில் ஜெலட்டின் இருக்குமா? நாங்கள் சாப்பிடலாமா?

சில கம்மிகளில் இருக்கும். ஜெலட்டின் பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து வருவது. பெக்டின் என்று போட்டிருந்தால் அது பழத்தோலிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் என்று இருந்தால் ஹலால் முத்திரை பாருங்கள். சைவக்காரர்கள் ஜெலட்டினை விட்டுவிட்டுப் பெக்டின் போட்டதைப் பாருங்கள்.

செல்வம், சிங்கப்பூர்: எந்த பிராண்ட் நல்லது?

பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு காளானுக்கும் தனி மி.கி. இருக்க வேண்டும். காளானின் முக்கிய நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். "பாலிசாக்கரைடு 40%" என்று மட்டும் போட்டிருந்தால் மயங்காதீர்கள், அரிசி மாவும் பாலிசாக்கரைடுதான். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 2500 மி.கி. என்று இருந்தால் பின்னால் திருப்புங்கள். "250 மி.கி., 10:1 சாறு" என்று பொடி எழுத்தில் இருக்கும். பத்துக் கிலோ காளானிலிருந்து ஒரு கிலோ சாறு எடுத்தோம் என்ற கணக்கில் பத்தால் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது 250தான்.

சிவகாமி, யாழ்ப்பாணம்: அக்கா, அம்மா வார்ஃபரின் எடுக்கிறா. கனடாவில இருந்து அண்ணா ரெய்ஷி கம்மி அனுப்பியிருக்கிறார். குடுக்கலாமோ?

வேண்டாம். ரெய்ஷி ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வார்ஃபரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான், ரத்தப் பரிசோதனை செய்து செய்து அளவு பார்த்துக் கொடுப்பது. கம்மியில் ரெய்ஷி எவ்வளவு என்றே தெரியாதபோது எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களும் தொடாதீர்கள். ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். சிறுநீரகம், கல்லீரல் மாற்றியவர்கள் எந்தக் காளான் சத்தும் எடுக்க வேண்டாம். அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்க மருந்து சாப்பிடுகிறார்கள், இது அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லி விற்கும் பொருள்.

முருகன், மதுரை: நான் காளான் சப்ளிமெண்ட் விநியோகஸ்தர். நீங்கள் ஒரு பக்கம் மட்டும் சொல்கிறீர்கள். எங்கள் கம்மியில் மைசீலியம் போடுகிறோம். எரினாசின் மைசீலியத்தில்தான் இருக்கிறது, காளானில் இல்லை. படித்துவிட்டுப் பேசுங்கள்.

நல்ல கேள்வி, கோபத்தோடு வந்தாலும். மற்றவர்களுக்காக: மைசீலியம் என்பது காளான் முளைப்பதற்கு முன் பரவும் வெள்ளை நூல் வலை. லயன்ஸ் மேனில் மூளை நரம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் எரினாசின் என்ற பொருள்கள் அந்த நூலில்தான் இருக்கின்றன, ஹெரிசினோன்கள் என்ற வேறு பொருள்கள் காளானில். அதுவரை முருகன் சொல்வது சரி. தைவானில் லேசான அல்சைமர் உள்ளவர்களுக்கு எரினாசின் ஏ செறிந்த மைசீலியத்தை 49 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2020இல் வந்தது. ஆனால் அது எரினாசின் ஏ ஒரு கிராமுக்கு 5 மி.கி. என்று அளந்து வைத்த பொருள். உங்கள் மைசீலியம் எதில் வளர்ந்தது?

முருகன்: ஓட்ஸில். அது இயற்கை ஊடகம்.

ஓட்ஸிலோ அரிசியிலோ வளர்த்தால் நூலைத் தனியே பிரிக்க முடியாது. தானியத்தோடு சேர்த்துக் காயவைத்து அரைப்பார்கள். அந்த மாவில் நூல் எவ்வளவு, ஓட்ஸ் எவ்வளவு?

முருகன்: அது நிறுவன ரகசியம்.

சரி, எரினாசின் எவ்வளவு?

முருகன்: எல்லா கம்பெனியும் இப்படித்தான் விற்கிறது. எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

எல்லாரையும்தான் கேட்கிறேன். அமெரிக்கக் கடைகளில் விற்ற 19 ரெய்ஷி பொருள்களைச் சோதித்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. லேபிளுக்கும் உள்ளே இருந்ததற்கும் பொருந்தியவை ஐந்துதான். எரினாசினை வைத்து வியாபாரம் செய்பவர் எரினாசின் அளவைச் சொல்ல வேண்டும். ஆய்வகச் சான்றிதழ் இருந்தால் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.

பார்த்திபன், திருச்சி: இதற்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவு இருக்கிறதா என்று தெரிந்துவிடுமே?

பொடியில் தெரியும். தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டுக் கருநீலமாக மாறினால் தானிய மாவு நிறைய இருக்கிறது. கம்மியில் இந்த வித்தை பலிக்காது. பெரும்பாலான ஆலைகளில் சோளமாவுத் தட்டில் குழி பதித்து அதில்தான் பாகை ஊற்றுகிறார்கள். மேலே ஒட்டிய மாவே நீலம் காட்டிவிடும். முருகனைப் பிடிக்க இது உதவாது.

முருகன்: சான்றிதழ் தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன்.

காத்திருக்கிறேன்.

வாணி, நியூஜெர்சி: கல்லூரி படிக்கும் மகன் வேப் கடையில் "மஷ்ரூம் கம்மி" வாங்கி வந்தான். நீங்கள் சொல்லும் அதே வகைதானே?

தயவுசெய்து இதை எல்லாரும் படியுங்கள். அதே வகையாக இல்லாமலும் இருக்கலாம். 2024 ஜூனில் டயமண்ட் ஷ்ரூம்ஸ் என்ற பெயரில் விற்ற சாக்லேட், கோன், கம்மி சாப்பிட்டவர்களுக்கு வலிப்பு, மயக்கம், வாந்தி, இதயத் துடிப்புக் கோளாறு வந்தது. அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது, கம்பெனி சரக்கைத் திரும்பப் பெற்றது. எஃப்.டி.ஏ. கடைசியாகக் கொடுத்த கணக்கில் 180 பேர் பாதிப்பு, 73 பேர் மருத்துவமனையில், தொடர்பிருக்கலாம் என்று ஆராயப்பட்ட மரணங்கள் மூன்று. சோதித்தபோது மஸ்கிமால் கிடைத்தது. அது சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட அமானிட்டா காளானின் நச்சு. சில மாதிரிகளில் ப்ரீகேபலின் என்ற டாக்டர் சீட்டு மருந்தும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமானிட்டா, மஸ்கிமால் எதையும் உணவில் சேர்க்க அனுமதி இல்லை என்று எஃப்.டி.ஏ. அறிவித்தது.

அமெரிக்காவில் 1994 சட்டப்படி சப்ளிமெண்ட்டை விற்பனைக்கு முன் அரசு சோதித்து ஒப்புதல் தருவதில்லை. சிக்கல் வந்த பிறகுதான் பிடிக்கிறார்கள். மகன் வாங்கியதில் காளான் பெயரே இல்லாமல் "சிறப்புக் கலவை" என்று இருந்தால் குப்பையில் போடுங்கள். பின் லேபிள் படம் அனுப்பினால் பார்க்கிறேன்.

குமார், சேலம்: எனக்குச் சுகர். சாப்பிடலாமா?

இரண்டு கம்மியில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறதிக்காக இனிப்பு சாப்பிடும் யோகம் உங்களுக்கு எதற்கு? சர்க்கரையில்லா வகையில் மால்டிடால் போடுவார்கள், வயிறு பொருமும்.

நந்தினி, சென்னை: எந்த பிராண்ட் மேடம்?

செல்வத்துக்குச் சொன்ன பதில்.

தியாகு, ஈரோடு: கார்டிசெப்ஸ் சாப்பிட்டால் ஓட்டத்தில் வேகம் கூடுமா? சீன வீராங்கனைகள் சாப்பிட்டார்களாமே?

1993 உலகத் தடகளத்தில் கலக்கிய அந்த அணிக்குப் பயிற்சியாளர் மா ஜுன்ரென். இமயமலைப் பக்கம் புழுவில் முளைக்கும் கார்டிசெப்ஸ் பூஞ்சையும் ஆமை ரத்தமும் கொடுத்தேன் என்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து அவருடைய வீராங்கனைகள் பலரைச் சீனாவே அணியிலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் கம்மியில் இருப்பது அந்த இமயமலைப் பூஞ்சையும் இல்லை, ஆலையில் வளர்க்கும் வேறு இனம்.

பெயர் வேண்டாம்: அப்பாவுக்குக் கிட்னி பலவீனம். சாகா கம்மி?

கூடவே கூடாது. சாகாவில் சிறுநீரகத்தில் படிந்து கெடுக்கக்கூடிய ஆக்ஸலேட் என்ற உப்பு மிக அதிகம். ஜப்பானில் 72 வயது அம்மா ஒருவர் நாளைக்கு நான்கைந்து டீஸ்பூன் சாகா பொடி ஆறு மாதம் சாப்பிட்டுச் சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கம்மியில் அளவு குறைவுதான். அதற்காக அப்பாவிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஜோசப், நாகர்கோவில்: கேன்சருக்கு ஜப்பானில் காளான் மருந்தே கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். டர்க்கி டெயில் காளானிலிருந்து பிரித்த பி.எஸ்.கே., 1970களில் அங்கீகரித்தது, கீமோவுடன் சேர்த்து. அது அளவு நிர்ணயித்த மருந்து, மிட்டாய் இல்லை. கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

கார்த்திக், பெங்களூரு: நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்களேன் ப்ளீஸ்.

இல்லை.

மீனா, தஞ்சாவூர்: குழந்தைக்கு?

வேண்டாம். மிட்டாய் என்று நினைத்து டப்பாவையே காலி செய்துவிடுவார்கள். மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள்.

லட்சுமி, பொள்ளாச்சி: அப்படியானால் காளானால் பலனே இல்லையா அக்கா?

குழம்பில் போடுங்கள். பால் காளான், சிப்பிக் காளான், மொட்டுக் காளான் எல்லாவற்றிலும் பீட்டா குளுக்கான் இருக்கிறது, 100 கிராம் வதக்கினால் எந்தக் கம்மியைவிடவும் அதிகம் உள்ளே போகும். நறுக்கி மதிய வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சமைத்தால் வைட்டமின் டி2 கூடும். நன்றாக வேகவையுங்கள்.

முருகன், சான்றிதழ் வந்ததா?