வலசை வாத்தின் குடலில் இருக்கும் பாக்டீரியா எந்த ஊருக்குச் சொந்தம்?

"ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வலசை போகிற வாத்துகளின் குடலில் உள்ள பாக்டீரியா, கிளம்பிய ஊரினுடையதா, வந்து இறங்கிய ஊரினுடையதா? அதனால் மனிதர்களுக்கு ஆபத்து உண்டா?" என்பது கேள்வி.

ஒரு ஆய்வுக் குழுவுக்காக இரண்டு பருவம் வாத்து எச்சம் பொறுக்கியிருக்கிறேன். (என்ன வேலை பார்க்கிறாய் என்று உறவினர்கள் கேட்டால் 'நீர்ப்பறவை ஆராய்ச்சி' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.) குடலில் எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். ஓரிடத்தில் இருப்பவை வழிப்போக்கர்கள், இன்னோரிடத்தில் இருப்பவை குடித்தனக்காரர்கள். எச்சத்தை வைத்து ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்களை எண்ணிவிட்டு, குடித்தனக்காரர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது என் குறை.

முதலில் புல் மேய்கிற பெரிய வாத்துகளை, அதாவது 'கூஸ்' வகையை எடுத்துக்கொள்வோம். மாடும் புல் தின்கிறது, ஆனால் அதன் வயிற்றில் புல் நாள்கணக்கில் ஊறும். பறக்க வேண்டிய உடம்பால் அவ்வளவு பெரிய தொட்டியைச் சுமக்க முடியாது. அதனால் வாத்து வேறு வழியில் போகிறது: நிறையத் தின்பது, அரைவைப்பையில் நசுக்கிச் சாற்றை எடுத்துக்கொள்வது, சக்கையைச் சீக்கிரம் தள்ளிவிடுவது. உள்ளே போன புல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மேய்கிற வாத்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை எச்சமிடும். இந்த வேகத்தில் ஓடுகிற குழாயில் பாக்டீரியா வேர்பிடிக்க நேரமே இல்லை. எச்சத்தில் அகப்படுவதில் பெரும்பங்கு அன்று காலை தின்ற புல்லோடும் சேற்றோடும் குடித்த தண்ணீரோடும் போனவை. இந்தக் கணக்கில் பார்த்தால், பாக்டீரியா வந்து இறங்கிய ஊரினுடையதுதான்.

எங்கள் முதல் மாதிரிகளின் டிஎன்ஏ முடிவு வந்தபோது நீலப்பச்சைப் பாக்டீரியா அள்ளி வழிந்தது. ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மாலை முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் குழுவில் மூத்தவர் பார்த்துவிட்டு, "தம்பி, அது புல்லு" என்றார். செடிகளின் பசுங்கணிகம் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு) ஆதியில் நீலப்பச்சைப் பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதனால் பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படுத்தும் 16எஸ் மரபணு அதற்குள்ளும் இருக்கிறது. கணினி அதையும் பாக்டீரியா என்று எண்ணிவிடும். புல் தின்னும் பறவை என்றால் இதைக் கழித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

சரி, குடித்தனக்காரர்கள் எங்கே? சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு நீண்ட பைகள் பக்கவாட்டில் தொங்கும். ஒரு முனை அடைபட்டிருக்கும். சீக்கம் என்பார்கள். சக்கை நார் இதற்குள் நுழைவதில்லை. சாறும் மிக நுண்ணிய துகள்களும் மட்டும் பின்னோக்கித் தள்ளப்பட்டு உள்ளே போகும். ஆக்சிஜன் இல்லாத அந்த இருட்டில் பாக்டீரியா ஆற அமர நொதிக்கவைத்து, அசெட்டேட், பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். பறவை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. பறவையின் சிறுநீர், அந்த வெள்ளைப் பசை, எச்சம் வெளியேறும் வாயிலிலிருந்து மறுபடியும் மேலேறி இந்தப் பைக்குள் போகும். அங்கே பாக்டீரியா யூரிக் அமிலத்தை உடைத்து அதிலுள்ள நைட்ரஜனை மீட்டுவிடும். புரதம் குறைந்த புல்லை நம்பி வாழும் உயிருக்கு இது சின்ன உதவி இல்லை. ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் கோடையில் பார்னக்கிள் வாத்துகள் பாசியைக்கூடத் தின்கின்றன. அப்போது உணவை வழக்கத்தைவிட அதிக நேரம் குடலில் வைத்திருந்து நாரையும் கூடுதலாகச் செரித்துக்கொள்கின்றன. அதாவது 'சீக்கிரம் தள்ளு' என்பதும் கல்லில் எழுதிய விதி இல்லை.

இந்தப் பைகள் எப்போதாவதுதான் காலியாகும். அப்போது வரும் எச்சம் கரும்பழுப்பாக, களிபோல, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்தோடு இருக்கும். சாதாரண எச்சமோ புல்லை உருட்டிவைத்த மாதிரி இருக்கும், பெரிய நாற்றமும் இல்லை. முதல் பருவத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டோம். ஐந்தாறு மாதிரிகள் மற்ற எதோடும் ஒட்டாமல் தனியாக நின்றன. கெட்டுப்போன மாதிரி என்று ஒதுக்கவும் செய்தோம். உண்மையில் அவைதான் உருப்படியானவை. இரண்டாம் பருவத்திலிருந்து நிறத்தையும் குறித்துக்கொண்டோம்.

இப்போது பயணத்துக்கு வருவோம். நெடுந்தூரம் பறக்கும் சில பறவைகள் கிளம்பும் முன் குடலையே சுருக்கிக்கொள்ளும். வாத்து இனம் இல்லை என்றாலும் கரைப்பறவையான பட்டைவால் மூக்கன் இதற்குப் பேர்போனது. 2022-இல் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. எங்கும் இறங்காமல் பறந்தது. வீடு சுருங்கி, பல நாள் சாப்பாடும் இல்லை என்றால் குடித்தனக்காரர்கள் கதி என்ன?

எல்லாம் அழிந்து, இறங்கிய இடத்துச் சேற்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ரெட் நெக்டு ஸ்டின்ட் என்ற சிறிய உள்ளானை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவு அப்படிச் சொல்லவில்லை. ஆர்க்டிக் போய்த் திரும்பியவற்றையும், வலசை போகாமல் அதே கரையில் தங்கிய இளம் பறவைகளையும் ஒப்பிட்டார்கள். புதிதாக வந்து இறங்கியவற்றில் கோரினிபாக்டீரியம் என்ற வகை தூக்கலாக இருந்தது. மற்றபடி வித்தியாசம் குறைவு. நாள் முழுக்கச் சேற்றைக் கொத்தினாலும் சேற்றுப் பாக்டீரியா அவ்வளவு எளிதில் உள்ளே குடியேறிவிடவில்லை.

அப்புறம் அவை முதலில் எங்கிருந்து வருகின்றன? அலாஸ்காவில் கரைப்பறவைக் குஞ்சுகளைப் பார்த்தபோது, முட்டைக்குள் இருக்கும்வரை குடலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பொரித்து மூன்று நாளுக்குள் கூட்டம் நிலைபெற்றுவிடுகிறது. பாலூட்டிகளில் பல, தாயோடு ஒட்டிக் கிடந்து வம்சம் வம்சமாகப் பாக்டீரியாவைக் கைமாற்றுகின்றன. பறவைகளிலும் வௌவால்களிலும் இந்த வம்சப் பிணைப்பு தளர்வாக இருப்பதாக, சுமார் 900 முதுகெலும்புள்ள இனங்களை ஒப்பிட்ட 2020 ஆய்வு ஒன்று காட்டியது. பறப்பதற்காக உடம்பைக் குறைத்தவை பாக்டீரியாவை நம்பியிருப்பதையும் குறைத்துக்கொண்டன என்று நான் படித்துக்கொள்கிறேன். உணவும் பெரிய காரணம்தான்: இமயத்தைத் தாண்டும் வரித்தலை வாத்தில், காட்டில் இருப்பதற்கும் பண்ணையில் தீவனம் தின்பதற்கும் குடல் கூட்டம் வேறு வேறு.

ஆபத்தைப் பற்றி. பறவைக் காய்ச்சல் வைரஸால் வருவது, அது தனிக் கதை. பாக்டீரியாவில், மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கம்பைலோபாக்டர் கவனிக்க வேண்டியது. அது செழிக்க ஏற்ற சூடு 42 டிகிரி செல்சியஸ்; பறவையின் உடல் சூடும் ஏறக்குறைய அதுவே. ஆனால் காட்டு வாத்துகளில் உள்ள கம்பைலோபாக்டர் பெரும்பாலும் கோழியிலிருந்து மனிதருக்கு வரும் ரகங்களிலிருந்து வேறானது. இன்னொன்று, 2008-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆர்க்டிக் பறவைகளின் குடலில் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அகப்பட்டது. மருந்துக் கடையே இல்லாத இடம் அது. அதை நம் சாக்கடையிலிருந்தும் பண்ணைக் கழிவிலிருந்தும்தான் பறவை எடுத்துப் போயிருக்க வேண்டும். ஆகவே யார் யாருக்கு ஆபத்து என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பறவைக் குடலில் இருக்கும் பாக்டீரியாவால் அதிகம் சாவது பறவைகளே. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. காரணம் போட்டுலிசம், பாக்டீரியா கக்கும் நஞ்சால் தசைகள் செயலிழக்கும் நோய். அந்தப் பாக்டீரியாவான க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினத்தின் விதைத்துகள்கள் சேற்றில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆரோக்கியமான பறவையின் குடலிலும் சத்தமில்லாமல் இருக்கும். உயிரோடு இருக்கும்வரை தொல்லை இல்லை. பறவை வேறு எதனாலோ இறந்தால், ஆக்சிஜன் அற்ற, புரதம் நிறைந்த அந்த உடம்பில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். ஈ முட்டையிட்டுப் புழு வரும். நஞ்சு புழுவை ஒன்றும் செய்யாது, அதன் உடம்பில் சேர்ந்துகொள்ளும். அந்தப் புழுவைத் தின்ற வாத்துக்குக் கழுத்துத் துவளும், தலை தண்ணீருக்குள் சாயும், மூழ்கிவிடும். அந்த உடம்பிலும் அதே கதை.

அதனால் ஏரியில் இறந்த பறவைகளைக் கண்டால் வெறும் கையால் தொடாமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் அன்றே அள்ளிப் புதைத்தாலோ எரித்தாலோ அடுத்த சுற்றுக்குப் புழு கிடைக்காது.