பிள்ளைகளுக்குச் சமூகம் பற்றிய அறிவுப் புத்தகங்களை எப்படிப் பார்த்து வாங்குவது?

சேலத்தில் இருக்கிறேன், மகனுக்கு 11 வயது, மகளுக்கு 15, கதைப் புத்தகம் போதுமான அளவு இருக்கிறது, மக்கள், வாழ்க்கை முறை, சமூகம் பற்றி நல்ல படங்களோடு அறிவுப் புத்தகம் வேண்டும், விலை பரவாயில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் பட்டியல் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் பட்டியல் கிடையாது. "நல்ல படங்களோடு", "விலை பரவாயில்லை" என்ற இரண்டையும் பார்த்ததும் சுருக்கென்றது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் இதே இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு புத்தகம் வாங்கப் போனவன் நான்.

ஏற்காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். வீடு கீழே, சேலம் அம்மாப்பேட்டை. காலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயங்காலம் 20 இறங்கி, 16 வருடம் ஓடிவிட்டது. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மலையாளி இனத்தவர்கள். இதைக் கீழே சொன்னால் உடனே "ஓ, கேரளாவா?" என்பார்கள். இல்லைங்க. மலைக்காரர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தான். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கு மேல். சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் செய்த வேலையைக் கேளுங்கள்.

எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவர் பள்ளிக்குப் புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொல்லி 15,000 ரூபாய் கொடுத்தார். "பளிச்சுனு இருக்கணும் சார், பசங்க ஆசையா எடுக்கணும்" என்றார். சேலம் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மங்கலான தாளில் அச்சடித்த 40 ரூபாய்ப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன், பிள்ளைகள் கையில் ஒரு மாதம் தாங்காது என்று நினைப்பு. நான் வாங்கியது கெட்டி அட்டை, வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர். உலக மக்கள் பற்றி ஒன்று, நமக்கு உதவுகிறவர்கள் பற்றி ஒன்று, நாட்டின் பழங்குடிகள் பற்றி ஒன்று என்று ஒரு முழு செட். உள்ளே ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. பின்னட்டையைப் படித்தேன். தள்ளுபடி போக எவ்வளவு என்று கேட்டேன். அவ்வளவுதான் என் தேர்வு.

மறுநாள் இரண்டு கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். நான் கோபப்படவில்லை, அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

ஆறாம் வகுப்பில் வைத்துப் பிரித்தோம். எதையும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கமுள்ள ஒரு பெண், பழங்குடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள், "ஏய், நம்ம பேரு போட்டிருக்குடி" என்று கத்தினாள். ஐந்தாறு தலைகள் அந்தப் பக்கத்தின் மேல் கூடின. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. மலையாளிகள் கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்களாம். வேட்டையாடி உண்பவர்களாம். வெளி உலகம் அறியாதவர்களாம். பக்கத்தில் அரைப் பக்கத்துக்குப் படம்: இடுப்பில் தழை, கையில் வில், தலையில் இறகு. வரைந்தவருக்கு அமெரிக்கச் செவ்விந்தியர் நினைப்பு போலிருக்கிறது. அவள் விரல் அந்த இறகின் மேலேயே நின்றுவிட்டது.

"சார், எங்கப்பா ஜீப்பு ஓட்டறாருங்க சார்."

கடைசி பெஞ்சில் ஒருத்தன் சிரித்தான், கீழேயிருந்து வேலை மாற்றலாகி வந்த குடும்பத்துப் பையன். நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது இதுதான்: "அது பிரிண்டிங் மிஸ்டேக்மா, அடுத்த பக்கம் திருப்பு." திருப்பினாள். பிறகு அந்தப் புத்தகப் பீரோ பக்கமே அவள் இரண்டு வாரம் வரவில்லை.

எனக்கு இது புதிதாகவும் இருந்திருக்கக் கூடாது. நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மாவுக்குத் தார் (தறிக்கு நூல் சுற்றிய குச்சி) சுற்றிக் கொடுத்த பிறகுதான் விளையாட்டு. எட்டாவது படிக்கும்போது ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் குழந்தைத் தொழிலாளர் முறை என்று ஒரு பாடம், அழுகிற பையன் படம், எல்லாமே தீப்பெட்டியும் பட்டாசும். அன்றைக்கு ராத்திரி ராட்டையைச் சுற்றிக்கொண்டே, நாம் செய்வது இதில் சேர்த்தியா இல்லையா, அம்மா நல்லவளா கெட்டவளா என்று குழம்பிக்கொண்டிருந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் சேலத்தில் ஒரு தறி வீட்டையோ கொலுசுப் பட்டறையையோ எட்டிப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். வீட்டு வேலைக்கும் சுரண்டலுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதானே பிள்ளைக்குத் தெரிய வேண்டியது.

சரி, மலைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் ஆயா, அதாவது பாட்டி, ஒரு நாள் பள்ளிக்கு வந்தார், மதிய உணவு விஷயமாக ஏதோ கேட்க. கேட்டுவிடலாம் என்று, "ஆயா, நீங்கள்லாம் எங்கிருந்து வந்தவங்க?" என்றேன். வாசல் படியிலேயே உட்கார்ந்து சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர், கூட மூன்று வேட்டை நாய்கள். பெரியண்ணன் ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. "வாத்தியாரு எந்த ஊருங்க?" என்றார். அம்மாப்பேட்டை, நெசவு என்றேன். "அட, பெரியண்ணன் கட்டுனது நெசவுக்காரப் பொண்ணத்தானுங்களே. அப்ப நமக்குள்ள ஒறவுதான் போங்க" என்று வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார். பேத்தி தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மூன்று அண்ணன் தம்பி கதை 1909-லேயே, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் போட்ட தொகுப்பில் அச்சாகியிருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதாவது, நூறு வருடத்துக்கு முன்பு வெள்ளைக்காரர் விசாரித்த அளவுக்குக்கூட நான் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் விசாரிக்கவில்லை.

(வரலாற்றுப்படி காஞ்சிபுரம் சரியா என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு: அது மரபுக் கதை, அப்படித்தான் சொல்கிறேன். ஒரு மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் சமூக அறிவியல்தான்.)

பிள்ளைகளையே திருத்தம் எழுத வைத்தோம். அரைத் தாளில், ஆயா சொன்னதும், இங்கே சாமையும் ராகியும் போடுவதும், காபித் தோட்ட வேலையும், சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிப்பதும். கடைசி வரி அவள் கேட்டுச் சேர்த்தது: சிலர் ஜீப் ஓட்டுகிறார்கள். அதை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பசை தடவி ஒட்டினோம். படத்தை மறைக்கலாமா என்றேன், வேண்டாம் சார், இருக்கட்டும் என்றார்கள். பதிப்பகத்துக்குக் கடிதமும் போட்டோம். பதில் இல்லை. பதிப்பகத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதற்கில்லை. வாங்கியது நான்.

அந்தப் படத்தைப் பற்றி யோசிக்கும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வார இறுதியில் மேலே வருகிற கார்க்காரர்கள் வண்டியை நிறுத்தி எங்கள் பிள்ளைகளை போட்டோ எடுக்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட் நீட்டி "இந்தப் பக்கம் பாரு" என்கிறார்கள். குரங்குக்கும் அதே பிஸ்கட். குரங்கோடு செல்பி எடுக்க வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டால் பின்னால் பஸ் எப்படித் திரும்பும்? வேலை நாளான சனிக்கிழமைகளில் நான் பிரேயருக்குப் போய்ச் சேர்ந்தது விரல் விட்டு எண்ணலாம். கோடை விழா வந்தால் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுகிறார்கள், அது தனிக் கதை. போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் அனேகமாகத் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அப்பாவாக இருப்பீர்கள், மகள் பெரிய தேர்வு எழுத வேண்டும் என்ற கனவும் இருக்கும். தப்பில்லை. கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னட்டையை விட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் தொழில், உங்கள் ஊர், உங்கள் பாட்டி சமையல், எதுவாக இருந்தாலும் சரி. அந்த ஒரு பக்கம் உங்களுக்குச் சிரிப்பு மூட்டினால், உங்களுக்குத் தெரியாத மற்ற பக்கங்களை எதை நம்பி மகனிடம் கொடுப்பீர்கள்? எனக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கொல்லிமலை எந்த மாவட்டம் என்று பார்ப்பேன். சேலம் மாவட்டம் என்று இருந்தால், 1997-ல் நாமக்கல் பிரிந்தது அந்தப் புத்தகத்துக்கு இன்னும் தெரியாது. தமிழ்நாட்டு மாவட்டங்கள் 38 என்று இருக்கிறதா, மாநிலங்கள் 28, யூனியன் பிரதேசங்கள் 8 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். புது அட்டை போட்டுப் பழைய சரக்கை விற்பது நிறைய நடக்கிறது.

11 வயதுக்கு, நமக்கு உதவுகிறவர்கள் மாதிரிப் புத்தகங்களில் படத்தைப் பாருங்கள். டாக்டர் என்றால் கண்ணாடி போட்ட ஆண், நர்ஸ் என்றால் பெண், தெரு கூட்டுகிறவர் மட்டும் கறுப்பு நிறம். எழுத்தில் எல்லோரும் சமம் என்று இருக்கும். பையன் முதலில் பார்ப்பது படத்தைத்தான். இதைச் சொன்னால் "எல்லாவற்றிலும் அரசியல் பார்க்கிறீர்கள்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வரட்டும். அந்த இறகுப் படத்தின் மேல் நின்ற விரலை அவர் பார்க்கவில்லை.

15 வயதுக்கு வேறு கணக்கு. அந்த வயதுக்கு யார், எப்போது என்று மட்டும் சொல்கிற புத்தகம் வீண், ஏன் என்று சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில்தான். பெரும்பாலான புத்தகங்களில் இது ஒரு வரி, சாதனைகள் என்ற தலைப்பின் கீழ். கள்ளுக்கடையை மூடினால் அரசுக்கு வருமானம் போகும், அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது, இன்றைக்கு நீங்கள் கட்டும் கடை பில்லுக்கு அங்கிருந்து ஒரு நூல் ஓடுகிறது என்று சொல்கிற புத்தகத்தை மகளுக்கு வாங்குங்கள். கள் இறக்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று அதே புத்தகம் கேட்டால் இன்னும் இரண்டு பிரதி வாங்குங்கள்.

இதே மாதிரி இன்னொன்று. மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் மாவட்டப் பெயரோடுதான் இருக்கிறார்கள்: சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. பழைய மாவட்டங்கள். அதில் கோயம்புத்தூர் இல்லாததால், அதிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் இருக்கிறவர்கள் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. பெரியவர்களுக்கு எழுதியது என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை.

எங்கே வாங்குவது என்றால், உடனே வாங்காதீர்கள். முதலில் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நாம்தான் கட்டுகிறோம், 1948-ல் வந்த நூலகச் சட்டப்படி. எங்கள் பக்கத்துக் கிளையில் சிறுவர் பகுதி என்று ஒரு பலகை இருக்கிறது, அதன் கீழே போட்டித்தேர்வுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனாலும் போய்க் கேளுங்கள், கேட்கக் கேட்கத்தான் வரும். புத்தகத் திருவிழாவுக்குப் போனால் மகளைத் தனியாக விடுங்கள், அவள் எடுத்து வருவதை மாற்றச் சொல்லாதீர்கள். மங்கலான தாள் 40 ரூபாய்ப் புத்தகங்களையும் இரண்டு பக்கம் நின்று படியுங்கள். நான் அன்றைக்கு வைத்துவிட்டு வந்ததில் ஒன்றைப் பிறகு தேடி வாங்கினேன், அட்டை கிழிந்து தைத்து வைத்திருக்கிறோம், இன்னும் ஓடுகிறது.

அந்த வழவழப் புத்தகமும் பீரோவில்தான் இருக்கிறது. புதிதாக வருகிற ஆறாம் வகுப்பு முதலில் எடுப்பது அதைத்தான், ஒட்டின தாளுக்காக. பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளோடு ஒரு வேலை நாளில் மேலே வாருங்கள். வண்டியை மட்டும் வளைவில் நிறுத்தாதீர்கள்.