பால் பல் எல்லாம் விழும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து இருக்கிறது. வாயை மூடிக் கடித்தால் அதில் ஒரு பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. எங்கள் பல் டாக்டர் “பால் பல் எல்லாம் விழட்டும், 13 வயதில் கிளிப் போட்டுக்கலாம்” என்கிறார். என் நாத்தனாரோ இப்போதே ஆர்த்தோடாண்டிஸ்ட்டிடம் (பல் சீரமைப்பு நிபுணர்) காட்டச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சந்து விஷயத்தில் டாக்டர் சொல்வது சரி. மாட்டிக்கொள்ளும் பல் விஷயத்தில் நாத்தனார் சொல்வதுதான் சரி, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் இறங்காத கோரைப் பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் இந்த வயதில் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். 11, 12 வயதில் கோரைப் பல் இறங்கும்போது சந்து பெரும்பாலும் தானாக மூடிவிடும்.

ஆனால் மேல்பல் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் அது தானாக வெளியே வராது, ஒவ்வொரு கடிக்கும் எதிரே இருக்கும் கீழ்ப்பல்லை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், நாளாக ஆக அந்தப் பல்லின் ஈறு இறங்கிவிடும். மகளின் கீழ் உதட்டை விலக்கிப் பாருங்கள், அந்த ஒரு பல் மட்டும் பக்கத்துப் பற்களைவிட நீளமாகத் தெரிகிறதா? மெதுவாகக் கடிக்கச் சொல்லி, தாடை முன்னாலோ ஒரு பக்கமாகவோ நழுவுகிறதா என்றும் கவனியுங்கள். ஒரு பல் மட்டும்தான் பிரச்சினை என்றால், கழற்றி மாட்டும் பிளேட்டிலேயே சில மாதங்களில் சரிசெய்துவிட முடியும். தாடையே காரணம் என்றால் எலும்பு வளர்கிற இந்த வயதை விடவே கூடாது.

அமெரிக்க ஆர்த்தோடாண்டிஸ்ட் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்வதும் இதனால்தான். காட்டினாலே கிளிப் போட்டுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், பல பிள்ளைகளை “அடுத்த வருஷம் வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது. மகளுக்குப் பத்து வயதானதும் மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப் பல்லுக்கு மேலே ஈறைத் தடவிப் பாருங்கள், இரண்டு பக்கமும் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அண்ணத்துப் பக்கம் வழி மாறிய கோரைப் பல் வலியே இல்லாமல் பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடும். சீக்கிரம் தெரிந்தால் சில சமயம் பால் பல்லைப் பிடுங்கினாலே வழிக்கு வந்துவிடும்.

விழுந்தால் உடைகிற அளவுக்கு எடுப்பான பல், ஐந்து வயதுக்கு மேலும் விடாத விரல் சூப்பல், ஒரு பக்கம் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் முளைக்காத பல், சொத்தையால் சீக்கிரமே எடுத்துவிட்ட பால் கடைவாய்ப் பல், இவற்றையும் காட்டத்தான் வேண்டும்.

ஆர்த்தோடாண்டிஸ்ட்டுக்கு உங்கள் டாக்டரிடமே ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார். போகிற இடத்தில் பார்ப்பவர் பி.டி.எஸ். முடித்து, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். செலவு யோசனை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.