இணையம் மெதுவாக இருக்கும்போது ஸ்பாம் மின்னஞ்சலை எங்கே வடிகட்டுவது?

ஸ்பாம் வடிகட்டி என்பது வேண்டாத மின்னஞ்சலைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு. அது எங்கே வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். உங்கள் கணினியில் இருக்கும் வடிகட்டி பொதுவாக அஞ்சல் முழுவதும் இறங்கிய பிறகுதான் பார்க்கும், அதற்குள் நேரம் போய்விடும். 5 எம்பி கோப்பு அஞ்சலில் வரும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டு கிட்டத்தட்ட 7 எம்பி ஆகிவிடும், 56 கேபிபிஎஸ் வேகமுள்ள (பழைய தொலைபேசி வழி) இணைப்பில் அதை இறக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வாசலிலேயே காவலாளி திருப்பி அனுப்புவதற்கும், மூட்டையை மாடிவரை தூக்கி வந்து பிரித்துப் பார்த்து வீசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அதனால் அஞ்சல் சேவையின் இணையப் பக்கத்துக்குள் போய், வடிகட்டும் விதிகளை அங்கேயே, அதாவது சர்வரிலேயே (அஞ்சல் சேவையின் கணினியிலேயே) வையுங்கள். அப்புறம் உங்கள் அஞ்சல் மென்பொருளில் ஐமேப் முறையை, அதாவது அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு பார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, அனுப்பியவர், பொருள் போன்ற தலைப்பு விவரங்கள் மட்டும் முதலில் இறங்கும்படி அமையுங்கள். அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறை மட்டும்தான் இருக்கிறதா? குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட அஞ்சல்களை இறக்காதே என்ற அமைப்பு பல மென்பொருள்களில் உண்டு, அதுவே பெரிய உதவி. சர்வரின் ஸ்பாம் பெட்டியை மட்டும் அவ்வப்போது எட்டிப் பாருங்கள், நல்ல அஞ்சலும் சில சமயம் அதில் மாட்டிக்கொள்ளும்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, கணினியில் ஸ்பாம் பெட்டிக்குள் போன அஞ்சல் டேட்டாவை மிச்சப்படுத்தவில்லை. அது ஏற்கெனவே முழுசாக இறங்கிவிட்டது.