கேள்வி நேரம்: டாக்டர் படிப்பு

கே: என் மகள் 6, 7-ஆம் வகுப்புகளை அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தாள். எட்டிலிருந்து மாநகராட்சிப் பள்ளி. இப்போது பிளஸ் ஒன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். கேட்கலாமா?
வாசகி, வியாசர்பாடி

ப: முடியாதம்மா. 6 முதல் 12 வரை ஏழு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது 2020-இல் வந்த சட்டம். மாநகராட்சிப் பள்ளி அதில் சேரும். உதவிபெறும் பள்ளி, ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுத்தாலும், சேராது. விலக்கு ஒன்றுதான்: ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில்) தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள். ஐந்தாம் வகுப்பு டி.சி. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது. பலருக்குக் கலந்தாய்வு சமயத்தில்தான் தெரியவருகிறது.

அவள் சாதிப் பிரிவுக்கு இடம் இருந்தால், வழக்கமான 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல். மாநிலப் பாடநூலோடு என்.சி.இ.ஆர்.டி. (மத்திய பாடநூல்) உயிரியலையும் படம், அட்டவணை விடாமல் இப்போதே படிக்கட்டும். பிளஸ் டூவுக்குத் தள்ளினால் இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் இருக்காது.

கே: சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் அதுவே போதுமா?
வாசகர், கொளத்தூர்

ப: பி.சி., எம்.பி.சி. என்றால் போதாது. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களை டெல்லியின் எம்.சி.சி. (மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நிரப்புகிறது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதோர்' (வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்று வேண்டும். இ-சேவையில் தனியாக விண்ணப்பியுங்கள். மீதி 85 சதவீதத்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக் குழு. அதற்கு உங்கள் பழைய சான்றிதழ் செல்லும். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கட்டும்.

கே: நீட் இல்லாமலே வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார்...
வாசகர், தாம்பரம்

ப: சேர்த்துவிடுவார். திரும்பி வந்து இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. நீட் தேர்ச்சி கட்டாயம். தவிர 2021 விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி. அந்த நாட்டிலேயே 12 மாதப் பயிற்சி. பட்டம் அங்கேயே மருத்துவம் பார்க்கும் உரிமம் தர வேண்டும். பிறகு எஃப்.எம்.ஜி.இ. எனும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்து, இங்கும் ஓராண்டு பயிற்சி. உரிம விஷயத்தைத்தான் ஏஜென்ட்கள் மழுப்புவார்கள். முன்பணம் கட்டும் முன் அதை எழுத்தில் கேளுங்கள்.