வெப்பமண்டலக் குகைகளும் தொலையுணர்வும்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள முலு குகைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள் பலர், காடு மூடிய சுண்ணாம்புக்கல் நிலங்களை அளப்பது, வரைபடமாக்குவது, காப்பது ஆகியவை குறித்து எழுதியிருந்தார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அடர்ந்த காட்டுக்குள் இருக்கும் குகைகளைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட முடியுமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

குகையை நேரடியாகக் காண முடியாது. குகை இருக்கக்கூடும் என்பதற்கான தடயங்களைக் காண முடியும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களை ஆண்டாண்டு காலமாகக் கரைத்து அகலப்படுத்துவதால்தான் இந்தக் குகைகள் உருவாகின்றன. அதே செயல் தரையின் மேலும் அடையாளங்களை விட்டுச்செல்கிறது. வழியிலேயே நிலத்துக்குள் மறைந்துபோகும் ஓடை, வெளியேறும் வழியற்ற வட்டப் பள்ளம், செங்குத்தான சுவர்களுடன் தனித்து நிற்கும் குன்று, நேர்கோடாக நீளும் பிளவு ஆகியவை அத்தகையவை. 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களும், 2015இல் ஏவப்பட்டு 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தரும் சென்டினல்-2 செயற்கைக்கோளும் இவற்றுள் பெரியவற்றைக் காட்டிவிடும்.

ஆனால் வெப்பமண்டலத்தில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, ஆண்டின் பெரும்பகுதி வானத்தை மூடியிருக்கும் மேகம். ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவுவதால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம். இரண்டாவது தடையான காட்டின் இலைவிதானத்தைத் தாண்டுவது அவ்வளவு எளிதன்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள்களில் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை ரேடார் கொண்டு அளந்தார்கள். இன்றும் பலர் பயன்படுத்தும் அந்த உயர வரைபடம் மழைக்காட்டில் காட்டுவது பெரும்பாலும் மரங்களின் உச்சியை ஒட்டிய உயரத்தைத்தான். முப்பது நாற்பது மீட்டர் உயர மரங்கள் நிற்கும் இடத்தில், பத்து மீட்டர் ஆழமுள்ள பள்ளம் அந்த வரைபடத்தில் தெரியாமலே போய்விடலாம்.

இந்தத் தடையை உண்மையில் உடைத்தது லிடார் எனப்படும் லேசர் அளவைதான். விமானத்திலிருந்து நொடிக்குப் பல்லாயிரம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பினால், பெரும்பாலானவை இலைகளிலும் கிளைகளிலும் பட்டுத் திரும்பினாலும், ஒரு சிறு பங்கு இலைகளின் இடைவெளிகள் வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். அந்தச் சிறு பங்கை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டை நீக்கிய வெறும் தரையின் வடிவம் கிடைக்கும். நடு அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில், மாயா மக்களின் பழைய நகரமான கராகோலைச் சுற்றி 200 சதுர கிலோமீட்டர் பரப்பை 2009 ஏப்ரலில் இப்படி அளந்தார்கள். தொல்லியலாளர்களுக்கு அங்கே மாடி வயல்களும் பாதைகளும் கிடைத்தன. அதே தரவில், குறுகிய பரப்புக்குள் தரைமட்டம் குறைந்தது 10 மீட்டர் இறங்கும் இடங்களைக் கணினி கொண்டு தேடியபோது, குகை வாயிலாக இருக்கக்கூடிய 61 திறப்புகள் தென்பட்டன. மாயா மக்கள் குகைகளைக் கீழுலகின் வாயில்களாகக் கருதி அங்கே சடங்குகள் செய்தவர்கள் என்பதால், அந்தப் பட்டியல் குகை ஆய்வாளர்களுக்கும் தொல்லியலாளர்களுக்கும் ஒருசேரப் பயன்படுவது.

இருந்தாலும், மேலிருந்து பார்க்கும் லேசருக்குப் பாறைச் சுவரில் பக்கவாட்டில் திறக்கும் குகை வாய் பெரும்பாலும் தெரியாது. தரையில் நடந்து சென்று பார்க்காதவரை அத்தகைய பட்டியலைக் குகைகளின் பட்டியல் என்று சொல்லக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் இத்தகைய பணிக்கு உதவுமா?
– ஆசிரியை, சென்னை

குகைகளைத் தேடுவதற்கு அதிகம் உதவாது. குகைகள் உள்ள நிலத்தைக் கண்காணிப்பதற்கு மிகவும் உதவும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தச் செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் ரேடார் அலைகளை அனுப்புகிறது. அவற்றுள் நீளமானதான எல் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர். குறுகிய ரேடார் அலைகள் விதானத்தின் மேற்பகுதியிலேயே சிதறிவிட, இந்த நீண்ட அலை இலைகளைக் கடந்து கிளைகளையும் தண்டுகளையும் எட்டுவதால், காட்டின் அடர்த்தி குறைவதை மேகமூட்டத்திலும் இரவிலும் கண்டறிய முடிகிறது. 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதையில் மீண்டும் வந்து அளப்பதால், இரு அளவைகளையும் ஒப்பிட்டு, நிலம் சென்டிமீட்டர் அளவில் தாழ்ந்திருந்தாலும் அறிந்துகொள்ளலாம். நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும் சுண்ணாம்புக்கல் நகரங்களில், தரை திடீரென உள்வாங்குவதற்கு முன் மெல்லத் தாழ்கிறதா என்று பார்க்க இது நல்ல வழி. ஆனால் எந்த முன்னறிகுறியும் காட்டாமல் ஒரே நாளில் சரியும் பள்ளங்களும் உண்டு. அவற்றை எந்தச் செயற்கைக்கோளும் முன்கூட்டிச் சொல்லிவிடாது.

குகைக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது அல்லவா? அப்படியானால் உள்ளே எப்படி அளக்கிறார்கள்?
– நில அளவைத் துறையில் ஓய்வுபெற்றவர், மதுரை

உங்களுக்குப் பழக்கமான முறைதான். குகை வாயிலில் ஜிபிஎஸ் கொண்டு ஒரு புள்ளியை நிலைப்படுத்திவிட்டு, அங்கிருந்து நிலையம் நிலையமாக நீளம், திசை, சரிவு ஆகிய மூன்றையும் அளந்துகொண்டே உள்ளே செல்கிறார்கள். நாடாவும் திசைகாட்டியும் சரிவுமானியும் செய்துவந்த வேலையை இன்று கைக்கடக்கமான ஒரே லேசர் கருவி செய்துவிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் நேரும் சிறு பிழை அடுத்ததோடு சேர்ந்துகொண்டே போவதால், சுற்றிவந்து தொடங்கிய புள்ளியிலேயே முடியும் பாதைகளைத் தேடி அளந்து பிழையைப் பகிர்ந்து திருத்துவது இன்றும் இன்றியமையாததாக இருக்கிறது.

பெரிய கூடங்களுக்கு முக்காலியில் நிறுத்தும் லேசர் வருடி பயன்படுகிறது. 1981இல் முலுவில் சரவாக் கூடத்தைக் கண்டுபிடித்த மூன்று பிரித்தானியர்கள் தலைவிளக்கின் ஒளி எதிர்ச்சுவரை எட்டாத இருளுக்குள் அளந்துகொண்டே சென்றார்கள். அந்தக் கூடம் சுமார் 600 மீட்டர் நீளமும் 400 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடையது என்பதைப் பின்னர் லேசர் அளவை உறுதிசெய்தது. 2013இல் சீனாவின் மியாவ் கூடத்தையும் அதே முறையில் அளந்த பிறகுதான், பரப்பில் சரவாக் கூடமும் கன அளவில் மியாவ் கூடமும் உலகில் முதன்மையானவை என்பது தெளிவாயிற்று.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளில் குகைக் கோயில்களும் உள்ளன, கல்குவாரிகளும் உள்ளன. வரைபடங்களால் இந்தக் குன்றுகளைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, ஈப்போ, மலேசியா

வரைபடம் மட்டும் காப்பாற்றாது. ஆனால் பட்டியலில் இடம்பெறாத குன்றைக் காப்பாற்றுவது இயலாத காரியம் என்பதால், தொடக்கம் வரைபடத்தில்தான் இருக்கிறது. யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் படங்களைக் கொண்டு தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக்கல் குன்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அதில் 900க்கும் மேற்பட்ட குன்றுகள் பதிவாயின. முந்தைய பட்டியலில் இருந்ததைப் போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது, பாதிக் குன்றுகள் எவருடைய கணக்கிலும் இல்லாமலே இருந்தன.

இது ஏன் முக்கியம் என்பதற்குப் பகாங் மாநிலத்தின் புக்கிட் பாஞ்சிங் குன்றே சான்று. பிளெக்டோஸ்டோமா ஸயாஃபிலம் என்ற சின்னஞ்சிறு நத்தை அந்த ஒரே குன்றில்தான் வாழ்ந்தது. குன்று முழுவதும் குவாரிக்காக வெட்டி எடுக்கப்பட்டதால், அந்த நத்தை இனமும் உலகிலிருந்தே அற்றுப்போனது. சுண்ணாம்புக்கல் குன்றுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தனித்து நிற்பதால், ஒரு குன்றுக்கே உரிய உயிரினங்கள் அங்கே உருவாகின்றன. நீங்கள் நன்கறிந்த பத்துமலையில், 1980இல் குவாரி வேலை நிறுத்தப்பட்டதால் முருகன் கோயில் குகை காப்பாற்றப்பட்டதோடு நிற்கவில்லை. அருகிலுள்ள இருட்டுக் குகையில் வாழும் லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற மிகத் தொன்மையான சிலந்திக்கும் வாழ்விடம் எஞ்சியது.

குன்றின் விளிம்பை வரைந்துவிட்டு அதுவே காப்பு எல்லை என்று நின்றுவிடுவதுதான் பெரும்பாலான திட்டங்களில் காணப்படும் குறை. குகையின் நலம் அதன் வாயிலில் தீர்மானிக்கப்படுவதில்லை. குகைக்குள் இறங்கும் நீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே தீர்மானிக்கப்படுகிறது. முலுவில் இதைத் தெளிவாகக் காணலாம். 2,376 மீட்டர் உயரமுள்ள முலு மலை மணற்கல்லால் ஆனது. அதன் சரிவுகளில் பெய்யும் மழை ஆறுகளாக இறங்கி, அருகிலுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளை எட்டியதும் நிலத்துக்குள் புகுந்து, 200 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டுள்ள கிளியர்வாட்டர் குகைத்தொகுதி போன்றவற்றை உருவாக்கியிருக்கிறது. சுமார் 530 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முலு தேசியப் பூங்காவில் சுண்ணாம்புக்கல் மலைகளோடு அந்த மணற்கல் மலையும் அடங்கியிருப்பது பெரும் பேறு. அதே மாநிலத்தின் நியா தேசியப் பூங்காவோ ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர்தான். அதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பச்சைத் தீவாகத் தெரியும். குகையில் தங்கும் வௌவால்கள் இரவில் இரைதேடப் பறப்பது இந்த எல்லைக்கு வெளியேயும்தான் என்பதால், பூங்காவுக்குள் மட்டும் காவல் நிறுத்துவது போதாது.

எனவே ஈப்போவில் ஒரு குன்றைக் காக்க முயல்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: முதலில் அந்தக் குன்றை நோக்கி நீர் வடியும் பரப்பை உயர வரைபடத்திலிருந்து வரையுங்கள். லேண்ட்சாட் படங்களின் முழுத் தொகுப்பும் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய படங்களை எடுத்து, அந்தப் பரப்பில் எந்த ஆண்டு எங்கே காடு அழிந்தது, குவாரி முகம் எவ்வளவு நகர்ந்தது என்று குறியுங்கள். ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தரைமேல் தெரியும் நீர்ப்பிரிவும் நிலத்தடியின் உண்மையான நீர்ப்பிரிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தாக்கில் மறையும் ஓடை மலைக்கு அடியில் நுழைந்து அடுத்த பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவரலாம். நீர் மறையும் இடத்தில் ஃபுளோரசீன் போன்ற தீங்கற்ற சாயத்தைக் கரைத்துவிட்டு, சுற்றியுள்ள ஊற்றுகளில் அது எங்கே, எத்தனை மணி நேரத்தில் வெளிப்படுகிறது என்று பார்ப்பதுதான் இதை உறுதிசெய்யும் பழைய, நம்பத்தக்க முறை. இந்தச் சோதனை முடிந்த பிறகு வரையும் எல்லைக்கே மதிப்பு அதிகம்.

குகைகளில் உழவாரக் குருவிகளின் கூடுகளை லேசர் கொண்டு எண்ணுகிறார்கள் என்பது உண்மையா?
– வாசகர், பினாங்கு

உண்மைதான். சபா மாநிலத்தின் கோமந்தோங் குகைகளில் இதைச் செய்தார்கள். பல பத்து மீட்டர் உயரக் கூரையில் ஒட்டியிருக்கும் கூடுகளைக் கீழிருந்து கண்ணால் எண்ணுவது கடினம். ஏறிச் சென்று எண்ணுவது ஆபத்தானது, பறவைகளுக்கும் இடையூறு. லேசர் வருடி, புள்ளியின் இடத்தோடு திரும்பி வரும் ஒளியின் வலிமையையும் பதிவுசெய்வதால், பாறையையும் கூட்டையும் கணினியே பிரித்தறிந்து எண்ண முடிகிறது. உணவாகப் பயன்படும் அந்தக் கூடுகளை எடுத்து விற்பது அங்கே நெடுங்காலத் தொழில் என்பதால், எத்தனை கூடுகள் உள்ளன என்ற நம்பகமான கணக்கு பறவைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒருங்கே தேவை.

யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல் நிலம்தானே? எங்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தால் என்ன பயன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்தில் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் கொடைகள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில், மாரி மழை பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாகத் தங்குவதை நம்பியே வாழ்க்கை நடக்கிறது. முலுவில் குகைக்குச் சொன்னது இங்கே கிணற்றுக்குப் பொருந்தும். பாறையின் விரிசல்கள் நீரை வேகமாகக் கடத்துமே தவிர, மண்ணைப் போல வடிகட்டுவதில்லை. அதனால் தோட்டத்தில் இடும் உரத்தின் நைத்திரேற்றும் மலக்குழியின் கழிவும் கிணற்றை எளிதில் எட்டுகின்றன. செயற்கைக்கோள் படம் நீரின் தரத்தைச் சொல்லாது. ஆனால் எந்தக் குளங்கள் மாரியில் நிரம்புகின்றன, எவை தூர்ந்து போயின, எந்தப் பரப்பில் தீவிரப் பயிர்ச்செய்கை நடக்கிறது என்பதை ஆண்டுதோறும் காட்டும். அந்தப் படத்தின் மேல் கிணற்று நீர்ச் சோதனை முடிவுகளைப் பொருத்திப் பார்த்தால், எந்தக் குளத்தை முதலில் தூர்வார வேண்டும் என்று முடிவெடுக்க வலுவான அடிப்படை கிடைக்கும்.

குகை வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைப்பது நல்லதா?
– ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி

நிலத்தின் வரைபடத்தைத் திறந்து வையுங்கள்; குகை வாயிலின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள் என்பதே எங்கள் நிலைப்பாடு. வியட்நாமின் சன் தூங் குகையை உள்ளூர்வாசியான ஹோ கான் 1990களின் தொடக்கத்தில் கண்டார். 2009இல்தான் அவருடைய வழிகாட்டலில் பிரித்தானிய ஆய்வாளர்கள் அதை அளந்தார்கள். இன்று அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,000 பயணிகள் மட்டும், வழிகாட்டிகளுடன் அனுமதிக்கப்படுகிறார்கள். காவலும் கட்டுப்பாடும் உள்ள அத்தகைய குகையின் இடம் தெரிவதால் பெரிய கேடு இல்லை. காவலற்ற குகைகளின் நிலை வேறு: கூடு திருடுவோரும் சிலை, பானை போன்ற தொல்பொருள் தேடுவோரும் கணினியில் கிடைக்கும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆய்வேட்டில் குகையின் இடத்தைச் சில கிலோமீட்டர் கட்டத்துக்குள் மட்டும் குறித்துவிட்டு, துல்லியமான அளவைப் பூங்கா நிருவாகத்திடமும் அங்குள்ள ஊர் மக்களிடமும் ஒப்படையுங்கள். உங்களுக்கு முன்பே அந்த வாயிலை அறிந்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மக்களே என்பதால், எதை வெளியிடலாம் என்று முதலில் கேட்க வேண்டியதும் அவர்களிடம்தான்.