தாராவியில் படிக்கும் பிள்ளைக்குத் தீராத பயம்: வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். தாராவியில் இருக்கும் உங்கள் அக்காள் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். இப்படிப்பட்ட பயம் நம்மைப் போன்ற வீடுகளிலும் வருமா, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனால் நாளைக்கு அவளுக்கு வரன் பார்ப்பதில் சிக்கல் வராதா என்பது உங்கள் கவலை. மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் தமிழ்ப் பிரிவில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டு, இப்போது 90 அடி ரோட்டுப் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். ஆனால் இந்தப் பிள்ளைகளோடுதான் என் நாட்கள் கழிகின்றன.

இப்படிப்பட்ட பயம் நம் வீடுகளிலும் வரும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பெருநகரங்களில் மட்டும் அது 13.5 சதவீதமாக இருந்தது. பள்ளி நாளன்று காலையில் வருகிற வயிற்றுவலியைப் பெரும்பாலான வீடுகள் நடிப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. அது நடிப்பு அல்ல. பயம் வந்ததும் உடல் ஆபத்துக்குத் தயாராகிறது: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, செரிமானம் தடுமாறுகிறது, மூச்சு மேலோட்டமாகி விரைவதால் விரல் நுனிகள் மரத்துத் தலை சுற்றுகிறது. மருத்துவர் ஒன்றுமில்லை என்றது வயிற்றில் புண்ணோ கட்டியோ இல்லை என்ற பொருளில்தான். வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இருந்தால் ஹீமோகுளோபின் மட்டுமாவது பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதிலும் படபடப்பும் களைப்பும் வரும்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளையிடம் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். நம் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால், அது உண்மையில்லை என்று அவர்களுக்கே தெரியும். பத்துக்குப் பத்து அடி அறையில் எதையும் மறைக்க முடியாது. சீட்டுப் பணம் கட்டவில்லை என்பதும், வட்டிக்காரர் வந்து வாசலில் நின்றதும், அப்பா குடித்துவிட்டு வந்த இரவில் என்ன பேச்சு நடந்தது என்பதும் பாயில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பிள்ளைக்கு வரிவரியாகத் தெரியும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கான காகிதம் இருக்கிறதா, தாராவிக்குள் வீடு கிடைக்குமா, வெளியே அனுப்பிவிடுவார்களா என்று பெரியவர்கள் இரவெல்லாம் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று தெரியாத பிள்ளையைத்தான் நாம் வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

தூக்கத்தையும் கவனிக்க வேண்டும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இங்கே இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்களில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். அதே அறையில்தான் பிள்ளையும் படுத்திருக்கிறது. பிறகு பொதுக் கழிப்பறையில் வரிசை. பெண் பிள்ளைகள் பலர் அதற்குப் பயந்து காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. வயிற்றுவலிக்கும் தலைவலிக்கும் அதுவே ஒரு காரணமாகலாம். வரிசையில் நின்று தாமதமாகப் போனால் பள்ளியில் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். என்னிடம் படித்த பையன் ஒருவன், வீட்டு இட்லிப் பாத்திரத்தைக் கடைகளில் கொடுத்துவிட்டு ஓடிவந்தும் தினமும் வெளியே நிறுத்தப்பட்டு, கடைசியில் பள்ளியின் பெயரைக் கேட்டாலே வாந்தி எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டான். தலைமையாசிரியர் அவனை நேரே உள்ளே விடச் சம்மதித்ததும், அவன் சுமந்த பாத்திரத்தைச் சித்தப்பா எடுத்துப் போகத் தொடங்கியதும்தான் அவனுக்கு முதல் மருந்து.

மொழியும் ஒரு சுமை. மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். தமிழ்வழியில் தொடங்கிவிட்டு நடுவில் ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளை, கணக்கை நன்றாகப் போடும். ஆனால் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் நடுங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பத்தாவது தாண்டப்போகிறவள் அவள்தான் என்றால், "உனக்காகத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறோம்" என்று அன்பாகச் சொல்லும் வார்த்தையே அவள் மார்பின் மேல் கல்லாக உட்காரும். தயவுசெய்து அதை மட்டும் சில மாதங்களுக்குச் சொல்லாதீர்கள்.

ஆகவே முதலில் "எதற்குப் பயம்?" என்று பொதுவாகக் கேட்காமல், காலை எழுந்தது முதல் பள்ளி மணி அடிக்கும் வரை ஒவ்வொன்றாக அவளைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வயிறு இறுகுகிறது என்பது அப்போது தெரியவரும். கழிப்பறை வரிசையா, வழியில் கிண்டல் செய்யும் பையன்களா, மராத்தி வகுப்பா, கட்டாத கட்டணத்துக்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? மாற்றக்கூடியதை உடனே மாற்றுங்கள். டெல்லியில் ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையும் இதுதான். பட்டம் பெற்ற உளவியலாளர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் மூன்று வாரங்களில் நான்கைந்து முறை உட்கார்ந்து பேசி, பிரச்சினையைப் பெயர் சொல்லி எழுதவும், வழிகளை யோசிக்கவும், ஒன்றைச் செய்து பார்க்கவும் உதவினார்கள். வெறும் கையேடு பெற்றவர்களைவிட இவர்கள் தங்கள் பிரச்சினைகள் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆறு வாரங்களில் நோய்க்குறிகளில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சு மட்டுமே எல்லாவற்றையும் தீர்க்காது.

யார் பேசுவது என்பதும் முக்கியம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பள்ளிச் சூழலையும் பிள்ளைகளின் நலத்தையும் மேம்படுத்தும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் சில பள்ளிகளில் தனி ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சூழலும் பிள்ளைகளின் மனநிலையும் தெளிவாக மேம்பட்டன. ஆசிரியர்கள் நடத்தியதில் பலன் தெரியவில்லை. ஆசிரியையான எனக்கு அது வியப்பளிக்கவில்லை. மதிப்பெண் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? உங்கள் வீட்டில் அம்மாவைவிடச் சித்தியாகிய உங்களிடம் அவள் அதிகம் பேசக்கூடும். அவள் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாலொழிய அக்காளிடம் கொண்டுபோகாதீர்கள். உயிருக்கு ஆபத்தான பேச்சு மட்டும் இதற்கு விலக்கு.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருப்பது அன்று நிம்மதி தரும், ஆனால் மறுநாள் பயம் இன்னும் பெரிதாகும். சிறிது சிறிதாகத் திரும்பப் பழக்க வேண்டும்: தோழியோடு வாசல் வரை, பிறகு இரண்டு பாடவேளை, பிறகு அரை நாள். படபடப்பு வரும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யச் சொல்லுங்கள். தேர்வைப் பற்றிய உண்மையையும் அவளுக்குச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பாடங்களில் தவறினாலும் மகாராஷ்டிர வாரியத்தில் ஏ.டி.கே.டி. முறையில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம், அதே ஆண்டில் துணைத் தேர்வும் உண்டு. இது தெரியாமல் பல பிள்ளைகள் பத்தாவதை வாழ்வின் முடிவாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சில வாரங்கள் முயன்றும் பள்ளி விட்டுப்போனால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், சயன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மாநகராட்சி மருத்துவமனை என்பதால் செலவு மிகக் குறைவு. பெரும்பாலும் முதலில் படிப்படியான பயிற்சியும் பேச்சும்தான் தருவார்கள், தேவைப்பட்டால் மட்டுமே மாத்திரை. மெடிக்கலில் யாரோ சொன்ன தூக்க மாத்திரையை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். "செத்துப்போகலாம் போலிருக்கிறது" என்ற பேச்சோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வரன் பற்றிய உங்கள் பயத்துக்கு: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவமனை அதை வெளியாருக்குச் சொல்ல முடியாது. கேஸ் பேப்பரை உங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தில் யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.